கிரகத்திலேயே தங்கிவிட்டவள்

இப்போதெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் புதிதாக எதையும் பார்க்கத் தெம்பில்லை. பழைய ராக்கெட் கதைகளையும் புதையல் தேடும் படங்களையும் போனில் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறேன். அதுவும் அலுப்புத்தான். சின்ன வயதில் நான் அலறி ஒளிந்துகொண்ட ராட்சசப் பல்லி ரப்பர் என்று தெரிகிறது. விண்கலத்தின் சுவரில் ஒட்டியிருப்பது மாவு சலிக்கும் சல்லடை, சத்தியமாக! இருந்தும் விடுகிறேனா? போன வாரம் ஒரு பழைய தொடர்கதையை யாரோ படமாக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் பார்த்துத் தொலைத்தேன். முடிவில் விண்வெளிக்குப் போன பெண் பூமிக்குத் திரும்பி வந்து பெற்றவர்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள்தான் திரும்பி வரவே இல்லையே!

படம் எடுத்தவர்கள்தான் கெடுத்திருப்பார்கள் என்று திட்டிக்கொண்டே, யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த பழைய வாரப் பத்திரிகைப் பக்கங்களைத் தேடிப் பிடித்துப் படித்தேன். அதிலும் திரும்பித்தான் வருகிறாள்.

அந்தக் கதையை எனக்குச் சொன்னது அக்கா. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் இருந்தோம். பத்திரிகையை டீச்சர் வீட்டில்தான் வாங்குவார்கள். நாலு வீடு சுற்றிவிட்டு எங்களிடம் வரும்போது அதற்கு அட்டை இருக்காது. விதைப்புக்கு முன்னால் தினமும் சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மல்லாட்டை உரிப்போம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். உரிக்க உரிக்கக் கட்டைவிரல் எரியும். எரிச்சல் தெரியாமலிருக்க யாராவது கதை சொல்ல வேண்டும், அது அக்காவின் வேலை. நைனா கேட்காதவர்போல மூட்டையில் சாய்ந்திருப்பார். ஆனால் ராக்கெட் கிளம்புகிற இடம் வந்தால் அவர் கை நின்றுவிடும். கதைக்குப் போட்டிருந்த படங்களில் அந்தக் கிரகம் முழுக்கக் குண்டுக் குண்டுப் பாறைகள். எங்கள் ஊர் மலைகளைப் போலவே இருந்ததால் எனக்கு அது ஒன்றும் தூரமாகப் படவில்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசிப் பகுதி வந்த வாரம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் அப்போதுதான் பன்னிரண்டாவது பாஸ் செய்திருந்தாள். திண்டிவனம் காலேஜில் பிசிக்ஸ் படிக்க வேண்டும் என்று நைனாவிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்ன “பாக்கலாம்” என்ற ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாவுக்கு அன்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பஜ்ஜியின் எண்ணெய் வடிய எதுவும் அகப்படாமல், கதை இருந்த பக்கங்களைக் கிழித்துத் தாம்பாளத்தில் விரித்துவிட்டாள். விண்வெளிப் பெண்ணின் கதி வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில் போயிற்று. வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். காலையில் ஆள் அனுப்பிச் சொல்கிறேன் என்று நைனா அவர்களை வழியனுப்பினார்.

விதைப்பு நெருங்கிவிட்டதால் அன்றைக்கும் உரிப்பு நிற்கவில்லை. நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

“கதை பஜ்ஜியோட போச்சே, இப்ப இன்னா பண்றது?”

“அழுவாத. நான் சொல்றேன் கேளு,” என்றாள் அக்கா.

வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள். ராக்கெட்டின் கதவு திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து எல்லோரும் அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் ஏறவில்லை. இங்கே நான் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது, கொஞ்ச காலம் என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். ராக்கெட் போய்விடுகிறது. அவள் அங்கேயே தங்கிவிடுகிறாள்.

எனக்கு வந்ததே கோபம்! “ச்சீ, இன்னா முடிவு இது? அவங்க அம்மா நைனா பாவம் இல்லியா? அவள வூட்டுக்கு வரச் சொல்லு!” என்று கத்தினேன்.

நைனா சிரித்துவிட்டார். “சின்னதுக்கு இருக்குற அறிவப் பாரு,” என்று என் தலையைத் தடவினார். மறுநாள் காலையில் சம்மதம் சொல்லி ஆள் போனது. ஆவணியில் கல்யாணம். அக்கா அனந்தபுரத்துக்குப் போனாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, அந்தக் கதையில அவ திரும்பி வந்துடுறா. நீ வேற மாதிரி சொன்னியே?”

“தெரியும்டி. எண்ணெ பட்டா எழுத்து அழிஞ்சிடுமா இன்னா? தாம்பாளம் கழுவும்போதே படிச்சிட்டேன்.”

“அப்புறம் ஏன் எனக்கு மாத்திச் சொன்ன?”

“உனக்கு எங்கடி சொன்னேன்? நைனா கேட்டுனுதானே இருந்தாரு,” என்றாள்.

 

அவள் கதை சொன்ன அன்றைக்கோ எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனா என் பக்கம் பேசிவிட்டார் அல்லவா! அந்த உற்சாகத்தில் முறத்தில் இருந்ததையெல்லாம் நானே உரித்துத் தள்ளினேன். அக்கா பாதியில் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். வேலையை என் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.