தலைவருக்குப் பின் யார் என்ற வரி

தேனி கடைவீதியில் ஒரு மாடியறையில் எங்கள் தொண்டு சங்கம் இருந்தது. கீழே மிளகாய் வற்றல் மொத்தக் கடை. படியேறும்போது மூக்கு எரியும், மேலே போய் உட்கார்ந்தால் வயிறு எரியும். எழுபதுகளின் பிற்பகுதியில் சில வருடங்கள் அந்தச் சங்கத்தின் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தேன். வயது இருபத்தாறு. கொஞ்சம் படித்திருந்தேன், நிறையக் கோபப்படுவேன். இரண்டுமே அங்கே குற்றம்தான்.

நிர்வாகக் குழுவில் ஏழு பேர். ஆறு பேர் வியாபாரிகள், ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டு பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகுதான் கூட்டம். கெட்டவர்கள் யாரும் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் என் கோபம் என்றைக்கோ ஆறியிருக்கும். வருடத்துக்கு ஒரு இலவச மருத்துவ முகாம் நடத்துவார்கள். அதை எந்த ஊரில் நடத்துவது என்பதற்கு ஒரு முறை இருந்தது: குழு உறுப்பினர்களின் பூர்வீக ஊர்களில், ஆளுக்கு ஒரு வருடம். "போன வருசம் உங்க ஊரு, இந்த வருசம் எங்க ஊரு." சங்கத்தின் திட்டம் என்பது மொத்தமும் அவ்வளவுதான். எங்கே தேவை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அப்படி ஒரு வருடம் கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முகாம் போட்டோம். ஐப்பசி மாதம். மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் நேரம். ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் அடைந்துகொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, முகாமைத் திறந்து வைத்தோம். வந்தவர்கள் தோட்டம் துரவு உள்ள பெரியவர்கள், மூட்டுவலிக்கு. உழைத்து உடம்பு கெட்டவர்கள் எல்லோரும் மலையில் இருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு சிறுமி நின்றாள். ஒன்பது வயது இருக்கும். இடுப்பில் ஆறுமாதக் குழந்தை, அதன் தலையெல்லாம் கட்டி.

"எத்தனாப்பு படிக்கிற?" என்று கேட்டேன்.

"மூணாப்பு. நின்னுட்டேன். தம்பியப் பாக்கணும்ல."

ஏதோ கடைக்குப் போய்வந்த சேதியைப் போலச் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் ஜீப் நிற்கும் இடத்துக்கே போய் அவள் அம்மாவைப் பிடித்தேன். தூக்குவாளியும், மழைக்குத் தலையில் போர்த்தும் கொங்காணியுமாக நின்றாள்.

"தம்பிய யாராச்சும் பாத்துக்கிட்டா நாளைக்கே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவேன் யக்கா. எனக்கு மட்டும் ஆசையில்லையா? நான் மலைக்குப் போகலைன்னா மூணு பேரும் என்னத்தத் திங்க?"

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெண்பிள்ளை குழந்தையை இடுக்கிக்கொண்டு திரிந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் பார்த்தேன். "ஜூன் வரைக்கும் அவ பேரை அடிக்காம வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார்.

ஜூன் மாதத்துக்குள் அங்கே ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஜீப் கிளம்பும் நேரத்தில் திறந்து, ஜீப் திரும்பும் நேரத்தில் மூட வேண்டும். ஊர் ஊராக முகாம் போடுவதை நிறுத்திவிட்டு, மூன்று வருடம் ஒரே ஊரில் ஊன்றி நிற்க வேண்டும். இதைப் பன்னிரண்டு பக்கத்தில் திட்டமாக எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு எதையும் எழுதியதில்லை.

கூட்டத்தில் வாசிக்கத் தொடங்கியதும் புளி வியாபாரி கையைத் தூக்கினார்.

"மூணு வருசத்துக்கு என்னம்மா திட்டம்? நாளைக்கு நடக்கப்போறதே ஆண்டவன் கையில."

"அண்ணாச்சி, புளியமரம் பூத்து நிக்கும்போதே காய்க்கு விலை பேசி முடிக்கிறீங்களே, அது யார் கையில?"

"அது வியாபாரம். இது தர்மம். தர்மத்துக்கு மனசுதான் வேணும், திட்டம் எதுக்கு?"

ஐந்து தலைகள் ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக் கடைக்கு அடுத்த தீபாவளி வரை யோசிக்கிற மூளையை, சங்கத்துக்கு வரும்போது மட்டும் செருப்போடு சேர்த்துப் படிக்கட்டில் கழற்றிவிட்டு வருவார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். சங்கத்தின் சாவி, முத்திரை, கையெழுத்து எல்லாம் தலைவர் ஒருவரிடம்தான். அவர் ஏலக்காய் வியாபாரி. காய் எடுக்கும் காலத்தில் மலையே கதியென்று கிடப்பார். அந்த மாதங்களில் முகாம் நாளைத் தவிர சங்கம் பூட்டிக் கிடக்கும். காப்பகத்தை அப்படிப் பூட்ட முடியுமா? அதனால் எழுதியிருந்தேன்: "தலைவர் இல்லாதபோதும், தலைவருக்குப் பின்னும் பொறுப்பேற்பவர்." அதற்கு நேரே ஒரு கோடு, பெயர் எழுதிக்கொள்ள.

வாசித்து முடிக்கவில்லை, புளி வியாபாரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"குத்துக்கல்லாட்டம் இருக்க மனுசனை வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுது பாருங்க! வாயில நல்ல வார்த்தையே வராதா?"

ஜவுளிக்கடைக்காரர் எழுந்து நின்று தலைவரின் தீர்க்காயுசுக்காக அங்கேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கினார். பலசரக்குக் கடைக்காரர் சாயங்காலமே தலைவர் பேரில் அர்ச்சனை செய்வதாகச் சொன்னார். நான் ஏதோ பாடையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டதைப் போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டார்.

"மனசு நொந்து போறாக, பாத்தீங்களா?" என்றார் புளி வியாபாரி. திட்டம் அன்றைக்கு அதோடு சரி.

தலைமையாசிரியர் மட்டும் படியில் என்னை நிறுத்தினார். "அந்த ஒத்த வரிய எடுத்துருங்கம்மா. மிச்சத்தை நான் பேசி முடிச்சுத் தாரேன்."

எடுக்க மாட்டேன் என்றேன். அது இல்லாவிட்டால் காப்பகம் முதல் காய் எடுப்பிலேயே மூடிவிடும், நான் சொல்வதுதான் சரி. இன்றைக்கும் அது சரிதான் என்பேன். ஆனால் அன்று நான் முடியாது என்றது முழுக்க அந்தக் குழந்தைகளுக்காக இல்லை. அந்த ஏழு பேருக்கு முன்னால் என் வரி ஜெயிக்க வேண்டும் என்ற வீறாப்பும் அதில் பாதி இருந்தது.

ஜூன் வந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டார்கள்.

அடுத்த வருடமும் அதே திட்டத்தை, அதே வரியோடு கொண்டுபோனேன். அதே கூத்து. அதற்கடுத்த வருடம் புளி வியாபாரி என்னைப் பார்த்ததுமே, "வந்துருச்சு பாருங்க எமனோட ஏஜெண்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருடமும் தலைவர் வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அங்கே ஆறு பேர் இருந்தார்கள். பெரியவர்களிடம் நேருக்கு நேர் போய் "உங்களுக்கு இதில் சம்மதமா" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமே கிடையாது. முகத்தைப் பார்த்து நாமாகவே புரிந்துகொள்ள வேண்டும். நானும் புரிந்துகொண்டேன். அந்த மனிதரை உள்ளுக்குள் கரித்துக் கொட்டினேன்.

மூன்றாம் வருடம் அவர் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு மாதம் சங்கக் கதவு பூட்டியே கிடந்தது. சாவி எங்கே என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி வந்த பிறகு, ஒரு கையெழுத்துக்காக அவர் கடைக்குப் போனேன். எங்கள் மாடியிலிருந்து நாலு கடை தள்ளித்தான். மூன்று வருடத்தில் நான் அந்தக் கடைக்குள் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆள் பாதியாகிவிட்டிருந்தார். எனக்குக் காப்பி சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்த மூத்த மகனைக் காட்டினார்.

"எனக்குப் பெறகு யாரு எதைப் பாக்கணும்னு கடைக்கு எப்பவோ எழுதி வச்சுட்டேன்மா. இல்லைன்னா இந்த ரெண்டு மாசத்துல கடை என்னாகியிருக்கும்?"

"அப்ப சங்கத்துக்கு ஏன்யா எழுதல? மூணு வருசமா நான் வாசிச்சேனே."

"நீதான் எழுதிக்கொண்டாந்த, எனக்கும் சரின்னுதான் இருந்துச்சு. அவுகதான் கெடந்து குதிச்சாக. என் ஆயுசுக்கு ஜெபம் பண்றவுகளை நிறுத்துங்கன்னு நான் எப்படிச் சொல்ல? நீ ஒருநாள் கடைக்கு வந்து கேப்பேன்னு பாத்தேன். நீ வரலையேம்மா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குதித்தவர்கள் மேல், வாயை மூடிக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்த இவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். நாலு கடை நடந்து போய் ஒரு கேள்வி கேட்க வக்கில்லாமல்தான் நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.

பையிலிருந்து திட்டத்தை எடுத்து நீட்டினேன். கோட்டின் மேல் தலைமையாசிரியர் பெயரைத் தன் கையால் எழுதினார். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் பஜ்ஜி வருவதற்கு முன்பே திட்டம் நிறைவேறியது. "தலைவரே எழுதிட்டாக, பெறகென்ன?" என்றார் புளி வியாபாரி, கூச்சமே இல்லாமல்.

காப்பகம் திறந்த அன்று விடியற்காலையில் நான் வாசலில் நின்றேன். தம்பியை நடத்திக் கூட்டி வந்தாள் அந்தச் சிறுமி. பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. அவன் கையை என் கையில் கொடுத்தாள்.

"இனி நீ பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்" என்றேன்.

சிரித்தாள். "மூணாப்புல போயா உக்கார, யக்கா? இப்பத்தான் தம்பிய நீங்க பாத்துக்கிறீகளே. ஆத்தா என்னையும் மலைக்கு வரச் சொல்லிருச்சு. இன்னைக்குத்தான் மொத நாளு."

அவள் ஓடிப்போய் ஜீப்பில் தொற்றிக்கொண்டாள். உள்ளே உட்கார இடமில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி அழத் தொடங்கினான்.