கோழிக்குடல் தின்ற நரிகள்

நரி முகத்தில் முழித்தால் அன்றைக்கு எடுத்த காரியம் பலிக்கும் என்று நான் நம்பினேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க் கால் கொப்புளத்தோடு திரும்புகிறவன், அப்படி நம்பினேன். முழுசாக ஒன்றரை வருஷம் நம்பினேன். பைத்தியம் பிடித்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. நானும் பாஸ்போர்ட் எடுத்தேன், போட்டோவும் எடுத்தேன், விசாதான் வரவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார். நான் பாபநாசம் ரோட்டில் பிராய்லர் கோழிக்கடை வைத்தேன். அதுவரை கோழி என்பது விருந்தாளி வந்தால் துரத்திப் பிடிக்கும் ஒன்று. வெளிநாட்டுப் பணம் வர ஆரம்பித்ததும் புதன்கிழமைகூட வீட்டுக்கு வீடு கோழிக்குழம்பு கொதித்தது.

கறி அவர்களுக்கு, குடல், தலை, இறகெல்லாம் எனக்கு. அதை உரச்சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்து, விடியும் முன் வடிவாய்க்கால் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவேன். தங்கை வீட்டு வயலை ஒட்டிய கரை அது. முதல் வாரம் காக்கை வந்தது. அடுத்த வாரம் நரி வந்தது. கருவேல முள்ளுக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அன்றைக்குக் கடையில் பத்து மணிக்கே கோழி தீர்ந்துபோயிற்று.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வழியில் எந்த மனுஷன் முகத்தையும் பார்க்காமல் குனிந்தபடியே மொபெட் ஓட்டிப் போய், கரையில் நிமிர்ந்து நரி முகம் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பேன். வரப்பில் இரண்டு முறை விழுந்தேன். நரி ஒன்று ஐந்தாயிற்று, ஐந்து எட்டாயிற்று. வியாபாரம் பெருகியதால் நரி பெருகியது என்பது ஒரு கோழிக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். ஈரலைக்கூடத் தனியாக எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

"மாதாவுக்கு மெழுகுவத்தி, நரிக்கு ஈரல். ரெண்டு பேர்ல யாருண்ணே உனக்குப் பெரியவங்க?" என்றாள் தங்கை.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. அவர்களுக்கு ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர். அதை அவ்வளவு நாளும் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் குத்தகையிலிருந்து மீட்டு, என் மேற்பார்வையில் சொந்தமாகச் சம்பா நட்டார்கள். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைதோறும் என் கடைக்குப் போன் செய்வார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னதைத் தங்கை ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே நின்று என்னிடம் சொன்னாள். இந்தச் சம்பா ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தால் அவர் திரும்பி வந்து நிலத்தைப் பார்த்துக்கொள்வார். சேராவிட்டால் மறுபடி குவைத்துதான். தங்கையின் சின்ன மகன் அப்போது அப்பாவைப் போட்டோவில்தான் பார்த்திருந்தான். 'நான் பார்த்துக்கறேன்' என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நரி முகத்தில் முழிக்கிறவனுக்கு என்ன பயம்?

பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. இன்னும் பத்து நாளில் கதிர் வெளியே வந்துவிடும். வரப்பிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பச்சை. ஒரு நாள் ஏதோ தோன்றி வயலுக்குள் இறங்கிப் போனேன். நடுவயலில் பயிரைக் காணோம். கோயில் சுவரில் இருக்கும் புனிதர்களின் தலை மாதிரி, சுற்றிலும் அடர்த்தி, நடுவில் வழுக்கை. தண்டுகள் சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டுத் தண்ணீரில் மிதந்தன.

அரிவாள் என்று முடிவு செய்தேன். யாரோ ஆகாதவன் செய்த வேலை. அங்கேயே நின்று எனக்கு யார் யார் விரோதி என்று யோசித்தேன். ஒருவர்கூடத் தேறவில்லை; பகைத்துக்கொள்ளும் அளவுக்கு ஊரில் யாரும் என்னை மதித்ததில்லை. ஆனாலும் விடவில்லை. வெட்டுப்பட்ட தண்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். அங்கே இருந்த ஏட்டு விவசாயக் குடும்பம். ஒரு தண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குற்றவாளிக்கு வால் இருக்கும் என்றும், ஸ்டேஷனில் அதற்கேற்ற விலங்கு இல்லை என்றும் சொல்லி, கிட்டி வைக்கிறவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்து எலிக்கு வைக்கும் பொறி.

கிட்டிக்காரர் என் வயசுக்காரர். வயலை ஒரு சுற்று வந்தார். வரப்பில் எலி வளைகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். பிறகு கரைக்குப் போய், காய்ந்து கிடந்த நரி விட்டையைக் குச்சியால் உடைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். வெள்ளை இறகும், கேரி பேக் துணுக்கும் இருந்தன.

"முன்னெல்லாம் இதை உடைச்சா எலி மயிரும் நண்டு ஓடுமா இருக்குங்க. வரப்பு வரப்பா நோண்டித் தின்னும். பாதி வேலைய அதுவே முடிச்சிரும், மீதிக்குத்தான் என்னைய கூப்பிடுவாங்க" என்றார். பிறகு என் மொபெட்டையும் சாக்கையும் பார்த்தார். "நீங்க உக்கார வச்சு இலை போடுறீங்க. அது எதுக்குங்க இனிமே எலி பின்னால ஓடும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது, வந்தது. எட்டு நரியும் முள்ளோரத்தில் தொந்தி தள்ளிப் படுத்திருந்தன. அவற்றின் மூக்குக்கு முன்னாலேயே பட்டப்பகலில் ஒரு எலி வரப்பைக் கடந்து போயிற்று. ஒரு நரிகூடக் காதை அசைக்கவில்லை.

தங்கையிடம் சொல்ல மூன்று நாளாயிற்று. முதல் நாள் பூச்சி என்றேன். இரண்டாம் நாள் தண்ணீர் சரியில்லை என்றேன். மூன்றாம் நாள் அவளே வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு ஈரப் புடவையோடு கடைக்கு வந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல ஒரு வேடிக்கையையும் சேர்த்துத்தான் சொன்னேன், அவள் சிரித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று.

அவள் சிரிக்கவில்லை. "நீ நரி மூஞ்சியில முழிச்ச, உனக்குக் கடை ஓடிச்சு. நான் தெனம் உன் மூஞ்சியிலதானே முழிச்சேன்" என்றாள்.

அன்றோடு கரையில் கொட்டுவதை நிறுத்தினேன். கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, குடலைப் போட்டு மண் தள்ளினேன். பசித்தால் நரி தானாக வயலில் இறங்கும் என்பது என் கணக்கு. விடியற்காலையில் வெறும் மொபெட்டில் போய் ஒளிந்து நின்று பார்ப்பேன். நரிகள் வரிசையாகக் கரையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. மொபெட் சத்தத்துக்கு எழுந்து நின்று வாலை ஆட்டிய ஒன்றையும் பார்த்தேன். குட்டியிலிருந்தே என் சாக்கைத் தின்று வளர்ந்தவை அவை. எலி தின்னும் பொருள் என்று அவற்றுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? "இறங்கித் தின்னுங்களேன்" என்று ஒரு நாள் வாய்விட்டே கெஞ்சினேன். வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலாம் நாள் கரையில் ஒன்றையும் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டியிருந்த கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டிருந்தன. அங்கே முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் இலையோடு மடித்துப் பிரியாணியைக் கொட்டினார்கள். என் குடலைவிட அது நல்ல சாப்பாடு, நானே பொறாமைப்பட்டேன். போகவும் வரவும் ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த மாதத்திலேயே இரண்டு நரிகள் பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்தன.

கிட்டிக்காரர் சாயங்காலம் கிட்டி வைத்துவிட்டுப் போவார், காலையில் எலியை எடுத்துப் போவார். எத்தனை எடுத்தாலும் மறுநாள் வழுக்கை அகலமாகிக்கொண்டே வந்தது. அவரும் ஒரு கட்டத்தில் நேராகவே சொல்லிவிட்டார், இது ஒரு ஆள் வேலை இல்லை என்று.

தையில் அறுத்தபோது வரப்போரத்தில் நின்றது மட்டும்தான் கிடைத்தது. தங்கை வீட்டில் அது பங்குனிவரை வந்தது.

அறுவடை முடிந்த வெள்ளிக்கிழமை கடைக்குப் போன் வந்தது. தங்கை ரிசீவரை வாங்காமல் என்னிடமே பேசச் சொன்னாள். சொன்னேன். மாப்பிள்ளை, "சரிங்க மச்சான், பாத்துக்கலாம்" என்றார்.

மாசி மாதம் லீவில் வந்தார். வயலை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். நிலத்தை மறுபடி குத்தகைக்கு விட்டார். நாற்பது நாள் இருந்துவிட்டுக் குவைத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தார்.