கன்னத்தில் எழுதிய மணி

அடிபட்டவரின் நெற்றியில் அந்த ராணுவக்காரர் மணி எழுதியபோதே எனக்குப் பளிச்சென்று தோன்றிவிட்டது: இதை நாமும் கற்றுக்கொள்ளலாமே!

கட்டுமாவடி மீன் ஏலத்தில் நின்றிருந்தோம். கரைக்கு வந்த படகைப் பிடிக்கப் போனவரின் தொடையைப் புரொப்பல்லர் வெட்டிவிட்டது. ரத்தம் பீய்ச்சியடித்தது. எல்லாரும் கத்தினோம். மீன் வாங்க வந்த ஓர் ஒல்லி மனிதர் மட்டும் பையைப் போட்டுவிட்டு ஓடினார். லீவில் வந்திருந்த ராணுவ மருத்துவ உதவியாளர் அவர்.

காயத்துக்கு மேலே துண்டைக் கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகித் திருகினார்.

"வலிக்குது, விடுங்கண்ணே!"

"வலிக்கட்டும் மாப்ள. அப்பத்தான் ரத்தம் நிக்கும்."

நின்றது! மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஏலக்காரரின் மார்க்கரைப் பிடுங்கி நெற்றியில் 7.40 என்று எழுதினார். அடிபட்டவரின் தாயார் ஓடிவந்து, அழுதுகொண்டே அதன்மேல் திருநீற்றை அப்பிவிட்டார்.

"நெத்தி ஒங்க சாமிக்கே இருக்கட்டும் ஆத்தா, கன்னம் டாக்டருக்கு. கட்டு எப்பப் போட்டதுன்னு அவருக்குத் தெரியணும். நேரம் கூடிப்போச்சுன்னா காலு போயிரும்" என்று சொல்லி, கன்னத்தில் மறுபடி எழுதினார்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் கையைக் கழுவிவிட்டு, "கெழங்கா மீன் என்ன வெல?" என்று கேட்டார். எப்படி முடிந்தது அவரால்?

கால் தப்பியது. வரும் ஞாயிறு அதே கரையில் நாங்கள் நாலு பேர் துண்டு, குச்சி, மார்க்கரோடு கட்டிப் பழகப் போகிறோம். பழகக் கால் தருபவரும் அன்று அடிபட்டவரேதான்.

"நல்ல காலத் தாரேன். மெதுவாத் திருகுங்கடா!"