தானாகத் திரும்பிய முப்பத்தாறு திரைகள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கந்தோர் இருந்ததாம். அந்தக் கந்தோரிலே முப்பத்தாறு கணினித் திரைகள் இருந்ததாம். அந்த முப்பத்தாறிலும் படம் நேராக நிற்கவேண்டும் என்று ஒருத்தனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். அந்த ஒருத்தன் நான். அம்மப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால் எதைச் சொல்லத் தொடங்கினாலும் எனக்கு இப்படித்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர், சுவிஸில் இருக்கிற ஆராவ். கந்தோர் என்றது, கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்களின் அலுவலகம். உயரமான கட்டடத்தை முழுதாகப் பார்க்க உயரமான திரை வேண்டும் என்று, தண்டில் பூட்டிச் சுழற்றக்கூடிய திரைகளாக வாங்கியிருந்தார்கள். படுத்திருக்கிற திரையைப் பிடித்துத் திருப்பினால் அது எழுந்து நிற்கும். உள்ளே இருக்கிற படம் எழும்பாது. அதை எழுப்ப நான் போகவேண்டும். கணினி சப்போர்ட் வேலையில் நல்ல செய்தி சொல்ல ஒருவரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள். கலியாணவீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "தம்பி, உனக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும்" என்று ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

பதினைந்து செக்கன்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை, வரவேற்பு மேசையில் இருக்கும் ஃப்ராவ் மெயர், அதாவது திருமதி மெயர், கூப்பிட்டார். திரையை நிற்கவைத்துவிட்டார், படம் படுத்திருந்தது. இதற்கெல்லாம் அரை நிமிடம் போதும் என்று சொல்லிக்கொண்டே மௌஸைப் பிடித்தேன். வலப்பக்கம் தள்ளினால் அம்பு மேலே போனது. மேலே தள்ளினால் இடப்பக்கம் போனது. ஒருவாறு போய்ச் சேர்ந்து திருப்பினால், படம் தலைகீழாக நின்றது. இதை இப்படியே வைத்திருக்கவா என்று கணினி கேட்டுப் பதினைந்து செக்கன் எண்ணும். நான் அந்தப் பெட்டியைத் தேடிப் போவதற்குள் எண்ணி முடித்துப் படம் பழையபடி படுத்துவிடும்.

மூன்று தரம் இப்படி நடந்தது. மூன்றாம் தரம் என் கழுத்து தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஃப்ராவ் மெயர், கேலியே இல்லாமல், உண்மையான அக்கறையோடு கேட்டார்:

«உங்கள் தலையை நான் பிடித்துக்கொள்ளட்டுமா?»

மீன் விலை

சிவம் அண்ணை எங்கள் பக்கத்துத் தமிழ்க்கடைக்காரர். கந்தோரில் கழித்துவிட்ட ஒரு திரையை அவருக்கு வாங்கிக் கொடுத்து, கடைக் கண்ணாடியில் மீன் விலை காட்டுகிறமாதிரிச் செய்துகொடுப்பது என்று ஏற்பாடு. மேசையில் வைத்துப் படத்தை நிமிர்த்திவிட்டு, அண்ணை, இனி நீங்கள் கண்ணாடியில் கொழுவினால் சரி என்று சொல்லி, நான் அட்லிஸ்வில் கோயிலுக்குப் போய்விட்டேன். போனையும் அணைத்துவிட்டேன். எந்தப் பக்கம் மேல் என்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது விளைமீனும் பாரையும் கணவாயும் தலைகீழாக நின்றன. சனிக்கிழமை முழுக்க அப்படியே நின்றிருக்கின்றன. நான் வாசலிலேயே நின்றேன்.

"வாடா தம்பி," என்றார் சிவம் அண்ணை. "சனம் கழுத்தைச் சரிச்சுச் சரிச்சு வாசிச்சுதுகள். அவ்வளவு கஷ்டப்பட்டு வாசிச்சாப் பிறகு வெறுங்கையோட போக ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. கணவாய் முடிஞ்சுது."

கடைசிக் கணவாயை வாங்கிக்கொண்டு ஒரு அக்கா நின்றார். மன்னார்க்காரர், ஜெனிற்றா அக்கா. போன மாதத்திலிருந்து எங்கள் கந்தோரைத் துப்புரவு செய்ய வருகிறவர். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கமுடியாமல் சிவம் அண்ணையிடம் சொன்னார்:

«எங்கட கந்தோரையும் இவர்தான் பாக்கிறார் அண்ணை.»

நீலத் துணி

ஜெனிற்றா அக்கா ஐந்து மணிக்குத் தன் துப்புரவுச் சாமான் வண்டிலோடு வருவார். நான் தனியே இருந்தால், "தம்பி, மத்தியானம் என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்பார். நானும் தமிழில் கதைப்பேன். மற்றவர்கள் இருந்தாலும் அவர் அப்படியே தமிழில்தான் கேட்பார். நான் மட்டும் ஜெர்மனில் "குட்டன் ஆபென்ட்" என்று மாலை வணக்கம் சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பேன். இப்படிச் செய் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இது உங்களுக்கும் நடந்திருந்தால் நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் பின்னேரம் நாங்கள் இருவர் மட்டும். அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, குனிந்து, திரைகளுக்குக் கீழே நீலத் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், "அக்கா, இது சுழலும். இப்படி நிற்கவைச்சிட்டுத் துடையுங்கோ, பிறகு படுக்கவையுங்கோ. உடையாது" என்று காட்டினேன். அவர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

«இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லையே. என்ர இடுப்பு உன்னை வாழ்த்தும்.»

தானாகத் திரும்பும்

ஒவ்வொரு தரமும் படத்தை எழுப்ப நான் ஓடுவதைப் பார்த்த எங்கள் மேலாளர் ஹெர் ஸ்டுடர், அதாவது திரு ஸ்டுடர், திரையோடு சேர்ந்து படமும் தானாகத் திரும்ப வழியில்லையா என்று கேட்டார். வழி இருந்தது. அதற்கென ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்து முப்பத்தாறிலும் ஏற்றினேன். அவருக்கு முன்னால் ஒரு திரையைப் பிடித்து எழுப்பினேன், படமும் எழுந்தது. அவர் தலையாட்டினார். அதைத் திரும்பப் படுக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு நான் சேர்ந்து இரண்டு மாதம். மூன்று மாதப் பரீட்சார்த்த காலம் முடிந்ததுமாதிரியே ஒரு நினைப்பு எனக்கு. ஹெர் ஸ்டுடர் சொன்னார்:

«நல்லது. இனி உன்னை எதற்குக் கூப்பிடுவது என்று யோசிக்கவேண்டும்.»

ஒரு சொல்

அவர் யோசிக்கத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் காலை பதினொரு திரைகளில் படம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் பதினான்கு. காலையில் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆட்கள் என் மேசைக்கு வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால் ஹெர் ஸ்டுடர் கேட்டார், இதைச் செய்வது யார் என்று.

விசைப்பலகையில் மூன்று விசைகளைச் சேர்த்து அமத்தினாலும் படம் திரும்பும். துணியால் துடைக்கும்போது அவை அமத்துப்படலாம். இது எனக்கு அந்த நேரத்தில் நல்ல விளக்கமாகத் தோன்றியது, அதாவது என்னைத் தொடாத விளக்கமாக. "துப்புரவுப் பெண்ணாக இருக்கும்" என்றேன். ஜெர்மனில் அது ஒரே ஒரு சொல். அவர் பெயர் எனக்குத் தெரியும். மகன் எந்த வகுப்பு என்று தெரியும். எந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போவார் என்றுகூடத் தெரியும்.

ஹெர் ஸ்டுடர் துப்புரவுக் கம்பனிக்கு எழுதினார். காலைதோறும் படங்களை நிமிர்த்திய அவசரத்தில் நான் அதை மறந்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்துச் சிவம் அண்ணையின் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

«ஜெனிற்றாவுக்குக் கம்பனி எச்சரிக்கைக் கடிதம் குடுத்திட்டுதாம் தம்பி. சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போட்டிட்டு நிக்கிறாள், வேலையிடத்திலயிருந்து நல்ல கடிதம் கேட்டிருக்கிறாங்கள். இந்த நேரத்திலை உங்கட கந்தோரிலை ஆரோ ஒரு நாசமாப் போனவன் மூட்டிவிட்டிருக்கிறான்.»

இரண்டாவது பெட்டி

திங்கட்கிழமை எல்லோரும் போனபின்னும், உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க நான் மேசையை விட்டு எழும்பவில்லை. ஜெனிற்றா அக்கா வந்தார். விசைப்பலகையை எட்டத் தள்ளிவைத்துவிட்டு முதல் திரையை மெல்லப் பிடித்து நிற்கவைத்தார். படமும் எழுந்து நின்றது. கீழே துடைத்தார். திரையைப் படுக்கவைத்தார். படம் கூடத் திரும்பவில்லை, சாய்ந்து கிடந்தது. நான் என் கணினியில் அந்த மென்பொருளைத் திறந்து பார்த்தேன். திரை எழும்போது திரும்ப ஒரு சின்னப் பெட்டி, படுக்கும்போது திரும்ப இன்னொரு சின்னப் பெட்டி. இரண்டிலும் சரி அடையாளம் போடவேண்டும். நான் ஒன்றில்தான் போட்டிருந்தேன்.

"அக்கா," என்றேன், "திரையைத் திருப்பச் சொன்னது நான் எண்டு கம்பனிக்குச் சொல்லேல்லையோ?"

"என்னெண்டு சொல்லுறது? உனக்கு மூண்டு மாதம் இன்னும் முடியேல்லை எண்டு நீதானே சொன்னனீ. உன்ர பேரைச் சொன்னால் உன்னை விட்டிடுவினம். நான் எப்பிடியும் சமாளிப்பன்."

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, உங்களைப் பற்றிக் கூட்டத்திலை சொன்னதும் நான்தான்."

அவர் துணியை மடித்தார். இன்னொருதரம் மடித்தார்.

"என்ர பேரைச் சொன்னனியோ?"

"இல்லை அக்கா. துப்புரவு செய்யிற ஆள் எண்டு மட்டும்தான்."

அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேனாக்கும். அவர் அடுத்த மேசைக்குப் போனார். இந்தமுறை திரையைத் திருப்பவில்லை, குனிந்தே துடைத்தார்.

«பேரைச் சொல்லியிருக்கலாம். பேர் தெரியும்தானே.»

இரண்டு கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை ஹெர் ஸ்டுடரின் அறைக்குள் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் குரல் இயல்பாகவே சின்னது. அவர் இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டதால் வெட்கப்படவேண்டியதையெல்லாம் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. என் வேலைக் கோவையில் ஒரு கண்டனத் தாள் கூடியது, அவ்வளவுதான். அவர் அன்றைக்கே கம்பனிக்கு எழுதினார், எச்சரிக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், பாஸ்போட் அலுவலுக்கான கடிதமும் ஒரு குறையுமில்லாமல் போனது. ஆனால் அடுத்த கிழமையிலிருந்து அக்காவை ஓல்டன் ஊரில் வேறு கட்டடத்துக்கு மாற்றுவதாகக் கம்பனி அதற்கு முன்பே முடிவுசெய்துவிட்டிருந்தது. அதை யாராலும் திருப்பமுடியவில்லை. ஹெர் ஸ்டுடர் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார்:

«கம்பனிக்கு நான் எழுதிவிட்டேன். அவருக்கு நீ எழுது. பெயரைப் பிழையில்லாமல் எழுது.»

வெள்ளிக்கிழமை, ஐந்து மணி

அன்றைக்குத்தான் அவருக்கு எங்கள் கட்டடத்தில் கடைசி நாள். கடிதத்தை முதல் நாளே அவர் வண்டிலில் வைத்திருந்தேன். பெயரைப் பிழையில்லாமல், முழுதாக எழுதியிருந்தேன். கந்தோரில் பத்துப் பேராவது இருந்தார்கள். ஃப்ராவ் மெயர் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டில் சத்தம் கேட்டதும் நான் எழுந்தேன். அந்தக் கந்தோரில், அத்தனை பேருக்கும் முன்னால், என்னால் முடிந்த அளவு பெரிய குரலில் தமிழில் கேட்டேன்: "அக்கா, வாங்கோ. மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ராவ் மெயரின் ஒரு கை கோட்டுக்குள்ளே நின்றது. ஜெனிற்றா அக்கா வண்டிலை நிறுத்தினார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. இவ்வளவு காலமும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், இங்கே எனக்குக் குடும்பப்பெயராகிவிட்ட என் அப்பாவின் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக, நல்ல தெளிவான ஜெர்மனில் பதில் சொன்னார்:

«குட்டன் ஆபென்ட், ஹெர் தேவராஜா. உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி.»

கந்தோர்க் கதவின் திறப்பை ஃப்ராவ் மெயரின் மேசையில் வைத்தார். எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்தார். வண்டிலைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார், கதவு மூடியது.

முப்பத்தாறு திரைகளிலும் படம் இப்போது எழும்போது எழுந்து படுக்கும்போது படுக்கிறது, எப்போதாவது ஒன்று சாய்ந்துபோய் இதைச் செய்தது யார் என்று யாரும் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்கு முன் அந்த ஆள் நானா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன், அநேகமாக நான்தான்.