துயரத்துக்கு எத்தனை பரிமாணம்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதுமாணிப் படிப்பில் சேர்ந்தேன். அப்போது மட்டக்களப்பில் ஒரு சிறிய உளநலப் பிரிவில் உளவளத்துணையாளராக இருந்தேன். மனம் உடைந்து வருகிறவர்களிடம் கேட்பதற்கு எங்களிடம் ஒழுங்கான ஒரு வினாக்கொத்து இருக்கவில்லை. வெளிநாட்டில் ஆக்கப்பட்ட ஒன்றைத் தமிழாக்கி, அது எங்கள் பெண்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் மறுநாளே அதை வேலையில் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம்.

அந்த மூல வினாக்கொத்தோடு வந்த கைநூல், மனத்துயரத்துக்கு நான்கு பரிமாணங்கள் என்றது. கவலை, கோபம், நம்பிக்கையிழப்பு, உடல் நோவு. நான்குக்கும் தனித்தனிப் புள்ளி. கடலோர மாங்கேணியிலும் வயலூரான கிரானிலும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்களிடம் விடைகள் வாங்கினேன். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக் காரணிப் பகுப்பாய்வு செய்தேன். எந்தெந்தக் கேள்விகளின் விடைகள் கூடவே ஏறிக் கூடவே இறங்குகின்றன என்று பார்த்து, அவற்றைக் கட்டுக் கட்டாகப் பிரித்துத் தரும் முறை அது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெறுமானம் வரும். அது ஒன்றைத் தாண்டினால் கட்டை வைத்துக்கொள், தாண்டாவிட்டால் விட்டுவிடு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

எனக்கு ஆறு வந்தது.

என் மேற்பார்வையாளர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆறு தேவையில்ல. நாலு எண்டு குடுத்துத் திரும்ப ஓட்டுங்க. மூலத்திலயும் நாலுதானே” என்றார்.

ஓட்டினேன். கணினி மறுபேச்சில்லாமல் நான்கு தந்தது. முதலாவது கட்டு பெரியது. மூன்றாவதில் தூக்கம் வராததும், அயலவரோடு சண்டை பிடிப்பதும், சமைக்க மறந்துபோவதும் ஒன்றாகக் கிடந்தன. இது எந்த மனநிலை என்று எனக்கு விளங்கவில்லை.

“ஒரு பேரை வைங்க. பேர் வச்சா விளங்கும்” என்றார் சேர்.

இரண்டு கிழமை முயன்றேன். பெயர் வரவில்லை. என் முன்னால் கதிரையில் வந்து அமரும் ஒரு பெண்ணிடம், “உங்களுக்கு இது கூடுதலாக இருக்கிறது” என்று எந்தப் பெயரைச் சொல்வேன்? எனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை இன்னொருத்தியின் கோப்பில் எழுதுவதில்லை என்று அன்று தீர்மானித்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம் வேலை முடிந்து வந்து வாசிப்பதே என் வேலையாயிற்று. கணக்கு எனக்குப் பள்ளியிலிருந்தே பயம். ஒரு பக்கத்தை நான்கு தடவை வாசித்தாலும் பாதிதான் ஏறும். அப்படி வாசிக்கையில் சமாந்தரப் பகுப்பாய்வு என்ற முறை கண்ணில் பட்டது. செய்வது எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் வந்த விடைகளை எடுத்துச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப்போட வேண்டும். மாங்கேணிப் பெண்ணின் கவலை கிரான் பெண்ணின் தூக்கத்தோடு சேரும். அவளுடைய கோபம் வேறொருத்தியிடம் போகும். கேள்விகளுக்கு இடையே இருந்த உறவெல்லாம் அறுந்துவிடும். அந்தக் குப்பையை மீண்டும் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதைச் செய்தேன். எந்த உறவும் இல்லாத அந்தக் குப்பையிலும் ஒன்றைத் தாண்டிய கட்டுகள் வரிசையாக வந்தன. உலகத்திலேயே இல்லாத பெண்களுக்குக் கணினி துயரம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்பப் பலமுறை கலைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே கதைதான். அப்படியானால் என் உண்மையான விடைகளில் வரும் கட்டு, கலைத்துப்போட்டதில் வருவதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம். ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறில் இரண்டுதான் மிஞ்சின.

திங்கட்கிழமை சேரிடம் கொண்டுபோனேன். அவர் தாளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

“கைநூலில நாலு எண்டு இரிக்கு. நீங்க ரெண்டு எண்டா பரீட்சகர் விடுவாரா?”

“கேட்டா இதைக் காட்டுவன் சேர்.”

“சரி, ரெண்டு எண்டே வைப்பம். ரெண்டாவதில என்ன இரிக்கு?”

அந்தக் கேள்விகளை வாசித்துக் காட்டினேன். எனக்கு நாளையைப் பற்றிய கவலை இல்லை. என் வாழ்க்கையில் குறை இல்லை. நான் தனியாக இல்லை. அவர் முகம் தெளிந்தது. “இது நம்பிக்கைதானே. நம்பிக்கையும் நம்பிக்கையிழப்பும் எண்டு எழுதுங்க. நல்ல தலைப்பு.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்த வரிசையை மீண்டும் பார்த்தபோது வேறொன்று கண்ணில் குத்தியது. அந்தக் கட்டில் இருந்த எல்லாக் கேள்வியும் ‘இல்லை’ என்று முடிந்தது. ‘இல்லை’ என்று முடிந்த ஒரு கேள்விகூட அந்தக் கட்டுக்கு வெளியே இருக்கவில்லை.

“விடை சொன்ன ஆக்களிட்ட ஒருக்காக் கேட்டிட்டு வாறன் சேர்.”

“காலம் போகுது” என்றார். தடுக்கவில்லை.

மாங்கேணிக்குப் பஸ் ஏறினேன். முதல் தடவை விடை சொன்னவர்களில் கருவாடு போடும் ஒரு அக்காவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. மணலில் விரித்த வலையின் மேல் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்ன மிஸ், மறுகாவும் பேப்பரோட வந்திட்டீங்க” என்றார்.

பக்கத்தில் குந்திக்கொண்டு முதலாவதை வாசித்தேன். “எனக்கு நாளையைப் பற்றிய கவலை இல்லை. எப்போதுமா, சில நேரமா, ஒருபோதும் இல்லையா?”

“ஒருபோதும் இல்ல.”

“அப்ப கவலை இரிக்கு எண்டு சொல்றீங்களா?”

“இல்ல எண்டுதானே சொன்னன்.” கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கவலை ஒருபோதும் இல்ல எண்டன். நீங்கதானே கவலை இல்ல எண்டு வாசிச்சீங்க.”

“உண்மையில கவலை இரிக்கா அக்கா?”

“கவலை இல்லாம ஆர் இரிக்கிற? மனுசன் கடலுக்குப் போனா வாற வரைக்கும் நெஞ்சு இடிக்கிது.”

“அப்ப ஏன் இல்ல எண்டீங்க?”

“நீங்க இல்ல எண்டு கேட்டா நாங்களும் இல்ல எண்டு சொல்லுவம். இல்லைக்கு மேல இல்லை வச்சா எனக்குத் தலை சுத்துது. கவலை இரிக்கா எண்டு நேராக் கேளுங்களன்.”

இந்த வாக்கியங்களை எழுதியவள் நான். மேசையில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, மூலத்தில் எதிர்மறையாக இருந்ததையெல்லாம் அப்படியே தமிழில் எதிர்மறையாக்கியவள். ‘இல்லை’ என்ற சொல்லுக்குச் சிலர் ஓம் போட்டார்கள், சிலர் மறுத்தார்கள். அந்தக் குழப்பம்தான் கட்டாகச் சேர்ந்து, ஒரு பரிமாணம்போல எழுந்து நின்றது. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க இருந்தோம். வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதே வெட்கம் போய் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கேள்விகளைத் திருத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் செய்வது என்று.

சேர் தலையில் கை வைத்தார். “காலநீடிப்புக் கேக்க வேணும். உங்கட வேலை, வீடு எல்லாம் இரிக்கு. தேவையா இது?”

“பிழை எண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடி சேர் குடுக்கிற?”

அவர் காலநீடிப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டார்.

திருத்திய கேள்விகளை முதலில் அந்த அக்காவிடமே வாசித்துக் காட்டினேன். இரண்டை அவர் மாற்றச் சொன்னார். மாற்றினேன். பிறகு கிரானுக்குப் போனேன். அறுவடைக் காலம். பெண்கள் வீட்டில் இருக்கவில்லை. வட்டைக்கே, வயல்வெளிக்கே போய், வரம்பில் அவர்கள் சாப்பிட அமரும் நேரம் பார்த்துக் காத்திருந்தேன். சில நாட்கள் இரண்டு பேர்தான் பேசினார்கள். ஒருநாள் யாருமே பேசவில்லை. பிறகு மழை பிடித்தது, பாதைக்கு மேல் வெள்ளம் பாய்ந்தது. மூன்று கிழமை அந்தப் பக்கம் போக முடியவில்லை. வடிந்ததும் போனேன். வேலைக்கு விடுமுறை எடுக்க இனி நாள் மிச்சமில்லை என்று ஆனபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன்.

எல்லாம் முடிந்து கணினியில் ஏற்றி, விடைகளைக் கலைத்துப்போட்டு ஒப்பிட்ட அன்று சேரும் பக்கத்தில் இருந்தார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன, உண்மை விடைகளுக்கு ஒன்று, கலைத்துப்போட்டதற்கு ஒன்று. முதலாவது கட்டு மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. இரண்டாவது, கலைத்துப்போட்டதன் கோட்டுக்குக் கீழே படுத்துவிட்டது.

“ஒண்டுதானா?” என்றார்.

“ஓம் சேர். ஒண்டுதான்.”

“இவ்வளவு பாடுபட்டு ஒண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எங்கள் பெண்கள் கவலையை ஒரு பக்கமும் நோவை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கவில்லை. நான் கேட்ட கேள்விகளைக்கொண்டு பார்த்தால் அது ஒரே துயரம். வேறு கேள்விகள் கேட்டால் வேறு விதமாகத் தெரியலாம். அதையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில், நாங்கள் எதிர்பார்த்தபடியே, ஏன் நான்கு வரவில்லை என்று பரீட்சகர் கேட்டார். கருவாடு போடும் அக்காவின் விடையை அப்படியே சொன்னேன். ‘கவலை இல்லை’ என்ற அந்தக் கேள்வியைப் பரீட்சகர் மனதுக்குள் வாசித்துப் பார்த்தது உதட்டில் தெரிந்தது. திருத்தங்களோடு தேறினேன். எங்கள் பிரிவில் இப்போது ஒரு பக்கத் தாள்தான். ஒரே ஒரு புள்ளி. நான்கு பெயர் எழுதிய கட்டங்கள் அதில் கிடையாது.

சில மாதங்களின் பின் சேர் ஒருநாள் எங்கள் பிரிவுக்கு வந்தார். பையிலிருந்து தன் பழைய ஆய்வின் தரவுகளை எடுத்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வு அது.

“இதையும் ஒருக்காக் கலைச்சுப் பாப்பம்” என்றார்.

பார்த்தோம். அவர் எழுதியிருந்த அத்தனை கட்டுகள் மிஞ்சவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மாறவில்லை. ஒரு பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார்.

“சஞ்சிகைக்குத் திருத்தம் ஒண்டு எழுதி அனுப்ப வேணும். நீங்க ஒருக்கா வாசிச்சுப் பாப்பீங்களா?”

கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.