மூன்றாவது பெயர்

எங்கள் ஊரில் கலியாண அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை என்னிடம் வரும். எழுத்துப் பிழை பார்ப்பதற்கு அல்ல, பெயர்களின் வரிசை பார்ப்பதற்கு. மூத்தவர் மேலே, ஹஜ்ஜு முடித்தவர் அவருக்கும் மேலே, கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மாமா எந்த இடத்தில் என்பதையெல்லாம் நான்தான் தீர்த்துக் கொடுப்பேன். தன் பெயர் ஒரு வரி கீழிறங்கியதற்காகக் கலியாண வீட்டுக்கே வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு நாட்குறிப்பும் எழுதி வருகிறேன். ஆகவே நான் சொல்லப்போவது எந்தக் கிழமையில், எந்தத் தொழுகைக்குப் பிறகு நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மகள் கணினி வலையமைப்பில் ஆய்வு செய்கிறவள். முதுமாணிப் படிப்பு முடியும் சமயம், ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, தன் முதல் ஆய்வுக்கட்டுரையை அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். வலையமைப்பில் நெரிசல் ஏறும்போது எந்தத் தரவை முதலில் விடுவது, எதைக் காக்க வைப்பது என்பது பற்றியது. இரண்டு வருட வேலை. உள்ளே இருந்தது எனக்கு விளங்கவில்லை. தலைப்பின் கீழிருந்த மூன்று பெயர்கள் மட்டும் விளங்கின. முதலில் அவள், அடுத்து ஆய்வுகூடத்தில் உதவிய விரிவுரையாளர், கடைசியில் அவளை வழிநடத்திய பேராசிரியர்.

“இதென்ன மகள், புரொபசர் சேர்ர பேரக் கடைசியில போட்டிரிக்கீங்க?”

“அதான் வாப்பா முறை. வேலை செஞ்ச ஆள்ற பேர்தான் முதல்ல வரும்.”

“படிப்பிச்ச மனிசனுக்கு முன்னால நீங்களா? அதபு, மரியாதை எண்டு ஒண்டு இரிக்கே.”

“சேர்தான் இப்பிடிப் போடச் சொன்னவர்.”

“அவர் பெருந்தன்மையில சொல்லுவார். நாமதான் விளங்கி நடக்கணும்.”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “இஞ்ச, அது கலியாணக் காட் இல்ல. புள்ளேட வேலையப் புள்ளைக்கிட்ட உடுங்க.”

நான் பென்சிலை எடுத்து இரண்டு அம்புக்குறிகள் போட்டேன். பேராசிரியர் முதலில், மகள் மூன்றாவது. அவள் தாளை வாங்கிக்கொண்டாள். “சரி வாப்பா” என்று மடித்துக்கொண்டு எழுந்தாள். அன்றிரவு நாட்குறிப்பில், “மகளுக்கு மரியாதை சொல்லிக் கொடுத்தேன்” என்று எழுதியிருக்கிறேன். இன்றும் அந்த மையில் மங்கல் இல்லை.

அந்தக் கட்டுரைதான் பிறகு பெயர் எடுத்தது. எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் போனில் பார்க்க மகளே காட்டித் தந்தாள். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து வந்து திகதியையும் எண்ணிக்கையையும் குறித்து வைப்பேன். பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அவளுடைய மற்றக் கட்டுரைகளை இவ்வளவு பேர் எடுத்தாளவில்லை.

இப்போது பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் அவள், சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் பதவியுயர்வு விண்ணப்பத்துடன் வந்தாள். ஆவணங்களை ஒழுங்காக அடுக்குவது என் வேலையாயிற்று. படிவத்தில் ஒரு நிரல், முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரைகளுக்கு மட்டுமானது. புள்ளிகளில் பெரும்பகுதி அதற்குத்தான். அவள் சிறிய கட்டுரைகளை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்; பெயரெடுத்த கட்டுரையில் அவள் மூன்றாவது ஆசிரியர். நான் நம்பாமல், மேற்கோள் காட்டிய சில கட்டுரைகளைக் கடையில் அச்சிட்டு எடுத்து வந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் பேராசிரியரின் பெயர், அதன் பின்னால் “மற்றும் பிறர்”. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் அந்த முறையை ஒரு பந்தி முழுக்கப் புகழ்ந்திருந்தார். அது யாருடையது என்பது அவருக்குத் தெரியாது.

“சேர் ஒண்டும் சொல்லல்லியா மகள்?”

“அச்சுக்குப் போகமுன்ன ரெண்டு தரம் கேட்டு எழுதினவர் வாப்பா, பேரப் பழையபடி மாத்துவமா எண்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இது என்ட விருப்பம்தான் எண்டு எழுதினன்.”

என்னை அவள் அதில் இழுக்கவில்லை. இப்போது மாற்ற முடியுமா என்று கேட்டேன். அச்சில் வந்தது வந்ததுதான் என்றாள்.

இம்முறை பதவியுயர்வு இல்லை என்று கடிதம் வந்தது. மகள் தாயிடம்தான் சொன்னாள். அன்று மாலை மனைவி தன் மூத்த சகோதரியுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

“ஆர்ர கண் பட்டிச்சோ தெரியாது ராத்தா.”

அடுப்படியிலிருந்து அன்று சொன்னது அவருக்கு மறந்திருக்காது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை. மகளும் தாயும் எனக்காக ஒரே மாதிரிப் பொய் சொல்லப் பழகியிருந்தார்கள். நான் கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

“கண்ணூறு ஒண்டுமில்ல மச்சி. நான் பென்சிலால செஞ்ச வேலை.”

“என்ன பென்சில் மச்சான்?” என்று அவர் கேட்டார்.

அந்த வியாழக்கிழமையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.