அலாரம் அழைத்து மாமல்லபுரம் போனேன்

மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். போன ஆவணியில் நான் போனது ஒரு ஸ்விட்சைப் பார்க்க.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் நெட்வொர்க் என் பொறுப்பு. மாமல்லபுரம் கடற்கரையில் அதற்கொரு கிளை உண்டு. கணினிகளை இணைக்கும் பெட்டிதான் ஸ்விட்ச்; இரண்டு ஊர் ஸ்விட்சுகளும் ஒன்றையொன்று அண்டையாக ஏற்றுக்கொண்டால்தான் தகவல் போய்வரும். அன்று காலை அங்கே புது ஸ்விட்ச் மாட்டினார்கள். உடனே என் திரையில் 'அண்டை இல்லை' என்று அலாரம். இணைப்பு இருந்தது, இரண்டும் பேசத் தொடங்கி, 'எக்ஸ்ஸ்டார்ட்' என்ற ஆரம்ப நிலையிலேயே நின்றன.

கிளையின் ஸ்கேன் டெக்னீஷியன் ஷீலா போன் செய்தாள். "அக்கா, படகுலேர்ந்து வுழுந்த ஒருத்தர் வந்துகீறாரு. முதுகு ஸ்கேன் அங்க வர மாட்டேங்குது. அங்க கீற டாக்டர் பாக்காம அவர அசைக்கக் கூடாதாம்."

புது ஸ்விட்சுக்குள் இங்கிருந்து நுழைய வழியில்லை. லேப்டாப்பை ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன். சுமார் முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கை காட்டி நிறுத்தினார். "நேரா போவாதம்மா, ரோட்ட தோண்டிகினு கீறாங்க. லெப்டுல பூந்து போ." அவர் சொன்ன சந்து சரியாகவே கொண்டுவிட்டது.

போய்ப் பார்த்தால், தகவலைத் துண்டு துண்டாகக் கொண்டுபோகும் பாக்கெட்டின் அளவு செங்கல்பட்டுப் பக்கம் பெரியது. புது ஸ்விட்சில் சிறிய அளவு; அதனால்தான் இரண்டும் சேரவில்லை. என் மேலாளர் போனில் சொன்னார்: "அந்த அளவுச் சோதனைய ஆஃப் பண்ணிட்டு வந்துடு. அலாரம் போயிடும்."

"அலாரம் போயிடும் சார். ஆனா பெரிய பாக்கெட்லாம் வழியிலயே வுழுந்துடும். ஸ்கேன் வராது."

சரியான அளவை வைத்தால் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். அது திரும்ப எழும்வரை கிளையில் எந்தக் கணினியும் ஓடாது. அவர் தயங்கினார். நான் ஷீலாவைப் பார்த்தேன்.

"பண்ணுக்கா. பில்லு, டோக்கன்லாம் கையால எழுதிக்கிறோம்."

சரியான அளவை வைத்து, அணைத்துப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரையில் 'ஃபுல்' என்று வந்தது, அண்டை சேர்ந்துவிட்டது. செங்கல்பட்டில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அழைத்தார்: லேசான விரிசல்தான், தண்டுவடத்துக்கு ஒன்றுமில்லை. வாசலில் நின்றிருந்த, படகிலிருந்து விழுந்தவரின் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை, நெஞ்சு நிறைந்திருந்தது.

இந்த வழியில் போகிறவர்கள் திருக்கழுக்குன்றத்தில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். மதிய வெயிலைத் தவிருங்கள். என்னைப் போல ஸ்விட்சைத் தேடிப் போகிறவர்கள், கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் முன் இரண்டு பக்கத்துப் பாக்கெட் அளவையும் ஒப்பிடுங்கள். அலாரத்தை அமைதியாக்குவது சுலபம். அது எதற்காகக் கத்தியது என்று போய்ப் பார்ப்பதுதான் நம் வேலை.